விழா நடக்கும்போதே எழுதுவது: ஊர் நிகழ்வுகளுக்கு நேரடிப் பதிவு போடும் முறை

சனசமூக நிலைய ஆண்டுவிழா, வாசிகசாலைப் பரிசளிப்பு, கோயில் தேர், கழக உதைபந்தாட்ட இறுதியாட்டம் என்று எது நடந்தாலும் யாழ்ப்பாணத்தில் இப்போது வழக்கம் ஒன்றுதான். ஒரு தம்பி போனைத் தூக்கிப் பிடித்து முகநூலில் லைவ் போடுவார். தலைமையுரை முப்பத்தைந்து நிமிடம் போகும். கை நோகும், படம் ஆடும், பற்றரி முடியும். மறுநாள் கனடாவிலிருந்து ஒருவர் "என்ரை பெறாமகள் பரிசு வாங்கினது எந்த இடத்திலை வருது?" என்று கேட்டால், இரண்டரை மணி நேர வீடியோவைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதுதான்.

அதைவிடச் சுலபமான வழி எழுத்து. நிகழ்வு நடக்க நடக்க, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நேரத்தைக் குறித்து, நாலு வரியும் ஒரு படமும் ஒரே பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போவது. செய்தி நிறுவனங்கள் கிரிக்கெட்டுக்கும் தேர்தலுக்கும் இதைத்தான் செய்கின்றன. ஊர் நிகழ்வுக்கு இது இன்னும் பொருந்தும். வாசிக்க வருபவர் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடித்தான் வருகிறார். எழுத்தில் பெயரைத் தேடலாம், வீடியோவில் தேட முடியாது.

வீடியோவின் கணக்கு

720 அளவு வீடியோவை விநாடிக்கு 3 மெகாபிற் வேகத்தில் அனுப்பினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.35 ஜிகாபைற் போகும். மூன்று மணி நேர விழாவுக்கு 4 ஜிகாபைற். அதே விழாவை எழுதி, 250 கிலோபைற் அளவில் நாற்பது படம் போட்டால் முழுவதும் 10 மெகாபைற்றுக்குள் முடிந்துவிடும். சனக்கூட்டத்துக்குள் நெற்வேர்க் இழுபடும்போது எது கரை சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதோடு தளங்களின் விதிகளும் உண்டு. முகநூலில் லைவ் போகக் கணக்குத் திறந்து 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும். யூரியூப்பில் போனிலிருந்து நேரலை போக 50 சந்தாதாரர் வேண்டும். முதன்முதலில் அனுமதி கேட்டால் 24 மணி நேரம் வரை எடுக்கும். விழா அன்று காலை பக்கம் திறந்து மாலையில் லைவ் போடலாம் என்று நினைத்திருப்பவர்கள் இங்கேதான் முட்டுப்படுவார்கள். 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் புதிய லைவ் வீடியோக்களை 30 நாளில் அழித்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துத் தேடினால், இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு.

இன்னொன்று பாட்டு. விழா தொடங்குமுன் சவுண்ட்காரர் சினிமாப் பாட்டுப் போடுவார். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு இடையிலும் போடுவார். அது லைவில் ஏறினால் பதிப்புரிமைச் சிக்கலில் ஒலி வெட்டுப்படும், சிலவேளை வீடியோவே நின்றுவிடும். வீடியோ வேண்டவே வேண்டாம் என்று இல்லை. நடனம் ஒன்றோ, தேர் இருப்பிடத்தை விட்டு அசையும் கணமோ முப்பது விநாடித் துண்டாகப் பக்கத்துக்குள் போகலாம்.

பக்கத்தை எங்கே வைப்பது

வீடு ஒன்று, வாசல் பல என்று வையுங்கள். வீடு என்பது கழகத்தின் சொந்த வலைப்பக்கம். புளொக்கரோ வேர்ட்பிரஸோ, இரண்டிலும் காசில்லாமல் திறக்கலாம். வாசல்கள் முகநூலும் வட்ஸ்அப்பும். முகநூலிலேயே வீட்டைக் கட்டினால் ஒழுங்கு குழம்பும். ஒரே பதிவின் கீழ்க் கருத்துகளாக எழுதிக்கொண்டு போனால் முகநூல் அவற்றை நேர வரிசையில் காட்டாது, தனக்குப் பொருத்தமாகப் பட்டதை மேலே தூக்கிவிடும். நன்றியுரைக்குக் கீழே வரவேற்புரை வரும். தனித்தனிப் பதிவுகளாகப் போட்டாலோ பரிசளிப்பை மூன்றாம் நாள் காட்டும்.

வட்ஸ்அப்பில் குழுமத்தைவிடச் சனல் நல்லது. குழுமத்தில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். "வாழ்த்துக்கள்" என்ற செய்திகள் நூறு விழுந்து உங்கள் பதிவை மூடிவிடும். சனலில் நீங்கள் மட்டும் அனுப்பலாம், உங்கள் இலக்கமும் பின்தொடர்பவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரியையும் சனலில் போடாதீர்கள். தொடக்கம், நடுவில் இரண்டு முக்கிய கட்டம், முடிவு என்று நாலு தடவை இணைப்போடு அனுப்பினால் போதும். பத்துக்கு மேல் போனால் ஆட்கள் ஒலியை நிறுத்திவிடுவார்கள்.

புளொக்கரில் ஒரு சிறு பொறி உண்டு. தலைப்பைத் தமிழில் எழுதி அப்படியே வெளியிட்டால், பக்கத்தின் முகவரியில் உங்கள் தலைப்பு வராது, பொதுவான சொல்லும் ஓர் எண்ணும்தான் வரும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு முகவரியில் ஏறும். ஆனால் வட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நாலு வரிக்கு நீண்டு, வைரஸ் இணைப்பு என்று அம்மாமார் தொடாமல் விட்டுவிடுவார்கள். இரண்டிலும் வெளியிடுமுன் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள்: ஊர்ப்பெயர், விழா, ஆண்டு. வெளியிட்ட பின் அதில் கை வைக்கக் கூடாது. பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துவிடும்.

முதல் தடவை பகிருமுன் தலைப்பும் ஒரு படமும் பக்கத்தில் இருக்கட்டும். வட்ஸ்அப் இணைப்பின் கீழே காட்டும் சிறு படத்தைப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறது. வெறும் பக்கத்தைப் பகிர்ந்தால் சாம்பல் நிறப் பெட்டிதான் ஊரெல்லாம் சுற்றும். படம் 300 கிலோபைற்றுக்குள் இருந்தால் நல்லது.

எத்தனை பேர், யார் எங்கே

தனியாளாகச் செய்யலாம். ஆனால் படம் எடுக்கப் போனால் பேச்சைத் தவறவிடுவீர்கள், எழுதக் குனிந்தால் படத்தைத் தவறவிடுவீர்கள். குறைந்தது இரண்டு பேர்: ஒருவர் உட்கார்ந்து எழுத, ஒருவர் நடந்து திரிந்து படம் எடுக்கவும் விபரம் கேட்கவும்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அவர் விழாவில் இருக்கவே தேவையில்லை. களத்தில் இருப்பவர்கள் வரிகளையும் படங்களையும் வட்ஸ்அப்பில் அனுப்ப, நல்ல இணைய வசதியோடு வீட்டில் இருக்கும் அவர் எழுத்துப்பிழை பார்த்துப் பக்கத்தில் ஏற்றுகிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இந்த ஆளைத் தேடுவது பெரிய காரியமில்லை, லண்டனிலோ சூரிச்சிலோ யாராவது இருப்பார்கள். மாலை 4 மணி விழா என்றால் லண்டனில் கோடையில் முற்பகல் 11.30, குளிர்காலத்தில் 10.30. சூரிச்சிலும் பாரிஸிலும் அதிலிருந்து ஒரு மணி கூட. ரொரன்ரோவில் கோடையில் காலை 6.30, குளிர்காலத்தில் 5.30; கனடாவில் இருப்பவரிடம் இந்த வேலையைக் கொடுப்பதானால் முதல் நாளே சொல்லிவையுங்கள். காலை 7 மணித் தேர் என்றால் கணக்குத் தலைகீழ்: ரொரன்ரோவில் கோடையில் முதல் நாள் இரவு 9.30, எல்லோரும் முழித்திருப்பார்கள். லண்டன்காரர் விடிய 2.30க்கு நித்திரை.

ஏற்றுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புளொக்கரில் ஒரே பதிவை இரண்டு பேர் இரண்டு போனில் திறந்து திருத்தினால், கடைசியாகச் சேமித்தவரின் பிரதிதான் நிற்கும். மற்றவர் அரை மணி நேரமாக எழுதியது காணாமற் போகும். வேர்ட்பிரஸ் எச்சரிக்கை காட்டும், ஆனாலும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகும் விரல்கள் உண்டு. வரிகள் முதலில் வட்ஸ்அப்பிலோ குறிப்பேட்டுச் செயலியிலோ எழுதப்பட்டுப் பிறகு பக்கத்துக்குப் போனால், எது அழிந்தாலும் ஒரு பிரதி கையில் இருக்கும்.

பெயர்ப்பட்டியல்

இந்த வேலையில் முக்கால்வாசி விழாவுக்கு முதல் நாளே முடிகிறது. அதிலும் பெரிய பங்கு பெயர்ப்பட்டியலுக்கு. பேச்சைச் சுருக்கியதற்கு ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். பெயரைப் பிழையாக எழுதினால், முதலெழுத்தை விட்டுவிட்டால், ஓய்வுபெற்ற அதிபரை ஆசிரியர் என்று போட்டால், அந்தக் கதை அடுத்த ஆண்டுவிழா வரை ஓடும்.

செயலாளரிடம் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள், அச்சுக்கூடத்துக்குப் போன கோப்பாகவே. இங்கே ஒரு வில்லங்கம். யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து பிரதிசெய்து பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை விழும். பாமினியிலிருந்து யூனிக்கோட்டுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள். எண்கள், அடைப்புக்குறி, முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளி ஆகியவை அங்குமிங்கும் மாறியிருக்கும்.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் மூன்று நிரல்: பெயர் முதலெழுத்தோடு, இன்றைய பதவி, விழாவில் அவருடைய இடம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் மூன்றும் வெவ்வேறு. பிரதேச செயலாளரையும் பிரதேச சபைத் தவிசாளரையும் குழப்பினால் இரண்டு பக்கத்திலும் முகம் சுருங்கும். ன, ண, ந, ர, ற, ல, ள, ழ ஆகியவற்றில் பெயருக்குரியவர் எப்படி எழுதுகிறாரோ அதுவே சரி, இலக்கணம் பார்க்காதீர்கள். பரிசு பெறும் பிள்ளைகளின் பட்டியல் கடைசி நிமிடம் வரை மாறும். மேடைக்குப் பின்னால் பரிசுப்பொதி அடுக்கும் ஆசிரியைதான் அதில் கடைசி வார்த்தை. உங்கள் படப்பிடிப்பாளர் அவரோடு முன்கூட்டியே பழகி வைத்திருக்கட்டும்.

நிரல் கையில் கிடைத்ததும் பாதிப் பதிவை எழுதிவிடலாம். மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, நேரத்துக்கு வெற்றிடம். நடந்த பிறகு நேரத்தைப் போட்டு, நடந்தது மாறியிருந்தால் திருத்தி விடுவதுதான் மிச்ச வேலை. நடக்குமுன் ஏற்றக் கூடாது. வரவேண்டிய விருந்தினர் வராமல் பிரதிநிதியை அனுப்புவது இங்கே வாரம் ஒரு தடவையாவது நடக்கிற காரியம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு போன், இரண்டு வேறு நெற்வேர்க் சிம். டயலொக்கும் எயார்டெல்லும் 2024இல் ஒன்றாகிவிட்டன, ஆகவே அவை இரண்டும் இருந்தால் இரண்டு என்று கணக்கெடுக்காதீர்கள். ஒன்று மொபிடெல்லாகவோ ஹட்ச்சாகவோ இருக்கட்டும். 10,000 மில்லியம்பியர்-மணி பவர்பாங்கில் உண்மையில் போனுக்குப் போவது ஆறாயிரத்துச் சொச்சம்தான், மீதி மின்னழுத்த மாற்றத்தில் சூடாகப் போய்விடும். 5,000 பற்றரி உள்ள போனை ஒரு தடவை நிரப்பி இன்னும் கொஞ்சம் மிஞ்சும். அரைநாள் நிகழ்வுக்கு அப்படி இரண்டு.

மின்வயர் நீட்டி கொண்டுபோகிறீர்கள் என்றால் அதன் முனையைப் பாருங்கள். புதுக் கட்டடங்களில் தட்டையான மூன்று முனை 13 அம்பியர் பிளக். பழைய மண்டபங்களிலும் வாசிகசாலைகளிலும் உருண்டை முனைச் சொக்கெற்றுத்தான் சுவரில் இருக்கும். மாற்றியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், விழா நேரத்தில் அது கிடைக்காது. மேடையின் சவுண்ட் இணைப்பில் உங்கள் சார்ஜரைக் குத்தாதீர்கள். மைக்கில் இரைச்சல் வந்தால் முதல் பழி உங்கள்மேல்தான்.

கடைசியாகப் பேனையும் சிறு கொப்பியும். சிரிக்காதீர்கள், கரண்டும் நெற்வேர்க்கும் ஒன்றாகப் போகிற நாள் உண்டு.

எழுதும் விதம்

ஒரு பதிவுக்கு நாற்பது சொல், மிஞ்சினால் அறுபது. முதல் வரியில் என்ன நடந்தது, அடுத்து யார், பிறகு வாசிப்பவருக்குப் பயன்படும் ஒரு விபரம். ஊர் இரத்ததான முகாம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது இப்படி:

"எமது கழகத்தின் ஏற்பாட்டில் மாபெரும் இரத்ததான முகாம் மிகவும் சிறப்பான முறையில் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பெருந்திரளானோர் ஆர்வத்துடன் கலந்துகொண்டுள்ளனர்."

இதை வாசித்துவிட்டு யாரும் சைக்கிளை எடுக்க மாட்டார்கள். பெருந்திரள் நிற்கிறதாம், நாங்கள் போய் என்ன செய்வது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

"காலை 10.20. இதுவரை 31 பேர் இரத்தம் கொடுத்துவிட்டார்கள். கட்டில் ஐந்து, இப்போது இரண்டு வெறுமையாக இருக்கிறது. வந்தால் காத்திருக்கத் தேவையில்லை. வயது 18க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் கழிந்திருக்க வேண்டும். காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அடையாள அட்டையோடு வாருங்கள். பின் படலையால் வரலாம்."

"10.45. ஓ நெகற்றிவ் உள்ளவர்கள் வந்தால் நல்லது என்று தாதியர் சொல்கிறார்கள். நெல்லிரசமும் பிஸ்கற்றும் இருக்கிறது."

"11.30. வரிசையில் 14 பேர். அவசரமாகத் திரும்ப வேண்டியவர்கள் 1 மணிக்குப் பிறகு வாருங்கள். முகாம் 3 மணி வரை."

விளம்பரம் என்பது இதுதான். விழாவுக்கு முன் ஒட்டும் சுவரொட்டியைவிட, நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் "இப்போ வரலாம்" என்று சொல்லும் ஒரு வரிக்கு ஆள் வரும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவை எடுத்தால், வாகனம் எங்கே நிறுத்த இடம் மிச்சம் இருக்கிறது, காற்று எழும்பிவிட்டதா, பெரிய பட்டங்கள் ஏறத் தொடங்கிவிட்டனவா என்ற மூன்று வரியும்தான் யாழ்ப்பாண நகரிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்பும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் போக முடியாது. எந்தப் பக்கத்தால் வந்தால் நடை குறைவு என்பது பதிவில் முதலில் போக வேண்டிய விபரம்.

முதல் பதிவு தொடக்க நேரத்துக்கு அரை மணி முந்தி: இடம், வழி, எத்தனை மணிக்கு என்ன. நிரலில் 3 மணி என்று போட்டு 3.50க்குத் தொடங்கினால் 3.50 என்றே எழுதுங்கள். நேரம் பிந்துகிறது என்பதும் வெளியில் இருப்பவருக்குப் பயனுள்ள செய்தி, நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கசந்தாலும்.

பேச்சாளர் ஒருவருக்கு இரண்டு பதிவு போதும். ஒன்று அவர் எழும்பும்போது, ஒன்று அவர் சொன்னதில் புதிய விடயம் ஏதும் இருந்தால். நன்கொடை அறிவிப்பு, அடுத்த கட்டடத் திட்டம், திகதி, தொகை: இவைதான் புதிய விடயம். மேற்கோள் குறிக்குள் போடுவதென்றால் அவர் வாயிலிருந்து வந்த அதே சொற்கள். பாதி நினைவில் இருப்பதை உங்கள் நடையில் "என்று குறிப்பிட்டார்" என எழுதுங்கள். தொகையை ஒலிபெருக்கியில் கேட்டதோடு நிற்காமல் மேசையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். "பதினைந்து இலட்சம்" என்பது "ஐந்து இலட்சம்" என்று காதில் விழ ஒரு இருமல் போதும்.

விளையாட்டு என்றால் வேகம் வேறு. உதைபந்தாட்டத்தில் ஒவ்வொரு கோலும் ஒரு பதிவு: நிமிடம், அடித்தவர், எண்ணிக்கை. ஓவர்கேம் என்று இங்கே ஆடும் கரப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவும். மாட்டுவண்டிச் சவாரியில் ஒவ்வொரு ஓட்டமும் முடிய முடிய. புள்ளி எப்போதும் மத்தியஸ்தர் மேசையிலிருந்து வரட்டும், அறிவிப்பாளர் வாயிலிருந்து வேண்டாம். அவர் ஆர்வத்தில் ஒன்று கூட்டிச் சொல்லுவார். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் போல மூன்று நாள் போகும் ஆட்டத்துக்கு நாளுக்கொரு பக்கம் திறந்து, மூன்றையும் இணைத்துவிடுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று நாளும் குவித்தால் பழைய போன்களில் பக்கம் திறக்கவே கஷ்டப்படும்.

விழா நடக்கும்போது புதியது மேலே. உச்சியில் "கடைசியாகப் புதுப்பித்தது மாலை 4.35" என்ற வரி கட்டாயம், ஏனென்றால் புளொக்கர்ப் பக்கம் தானாகப் புதுப்பிக்காது. வாசிப்பவர் பழையதைப் பார்த்துக்கொண்டே "ஒண்டும் போடேல்லை" என்று சொல்லுவார். அதற்கடியில், புதியது பார்க்கப் பக்கத்தைக் கீழே இழுத்து விடுங்கள் என்று ஒரு வரி.

குரலால் தட்டச்சுச் செய்வது கைக்கு ஆறுதல். கூகிள் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்றே தெரிவு இருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அதைத் திறந்தால் பேச்சாளரின் சொல்லும் உங்கள் சொல்லும் கலந்து புதுத்தமிழ் பிறக்கும். மண்டபத்துக்கு வெளியே, மாமர நிழலில்தான் அது வேலை செய்யும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

தேர் இழுக்கும் நேரத்தில் நெற்வேர்க் நின்றுபோவதற்குக் காரணம், ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தின் கொள்ளளவைப் பங்குபோடுவது. எல்லோரும் படத்தை மேலேற்றுகிறார்கள். மேலேற்றும் பாதை கீழிறக்கும் பாதையைவிட எப்போதும் ஒடுக்கம். போனில் நாலு கோடும் தெரியும், படம் போகாது. அந்த நேரத்தில் எழுத்தை மட்டும் அனுப்புங்கள். நாற்பது சொல் ஒரு கிலோபைற்றுக்குச் சற்றுத்தான் கூட, இடுக்கால் புகுந்து போய்விடும். படங்களோடு ஆள் ஒருவர் இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளி நடந்து, கூட்டத்துக்கு வெளியே நின்று அனுப்பட்டும்.

ஆவணி வெயிலில் போன் சூடேறி நின்றுவிடும். பல போன்கள் 35 பாகை வரையான சூழலுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. வெயிலில் கையில் பிடித்தபடி சார்ஜும் போட்டால் அரை மணியில் திரை மங்கும், பிறகு தானே அணையும். குளிர்ப்பெட்டிக்குள் வைத்து ஆற்றாதீர்கள், உள்ளே ஈரம் கட்டும். உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் பத்து நிமிடத்தில் வழிக்கு வரும்.

பிழையான பதிவு போய்விட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள், யாரோ ஏற்கெனவே அதைப் படம் பிடித்து வைத்திருப்பார். அதே பதிவின் கீழ் "திருத்தம், 5.10: மூன்றாம் இடம் பெற்றவர் தரம் 8 மாணவி" என்று எழுதுங்கள். சண்டை, விபத்து, பொலிஸ் வந்தது போன்றவற்றில் கண்ணால் கண்டதும் பொறுப்பானவர் சொன்னதும் தவிர ஒரு சொல்லும் வேண்டாம். 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படம் எங்கே கூடாது

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், ஆகப் போனை வைக்கச் சட்டைப்பையும் இருக்காது. மற்றக் கோயில்களில் பரிபாலன சபையிடம் முதல் நாளே கேளுங்கள். வெளிவீதியில் அநேகமாகச் சரி, மூலஸ்தானத்தை நோக்கி எங்கேயும் வேண்டாம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் இருக்கின்றன; பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட இடம், அந்தப் பக்கத்தில் விளையாட்டு வேண்டாம்.

பிள்ளைகளின் படத்தோடு முழுப்பெயர், பாடசாலை, வீடு இருக்கும் ஒழுங்கை எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். பரிசு வாங்கும் வரிசையின் பொதுப்படம் ஒன்று, கீழே பெயர்ப்பட்டியல் என்று பிரித்துவிட்டால் போதும். நினைவேந்தல், கவனயீர்ப்புப் போராட்டம் போன்றவற்றில் முகம் தெரியும் அண்மைப்படங்களைத் தவிருங்கள். பின்னாலிருந்து, தூரத்திலிருந்து, கைகளையும் விளக்குகளையும் எடுத்தாலும் நடந்தது விளங்கும். யாரும் பிறகு போன் பண்ணி எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

விழா முடிந்த இரவு

கடைசிப் பதிவில் "நிகழ்வு நிறைவு, இரவு 7.40" என்று எழுதி மூடுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் நடுச்சாமம் வரை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு உச்சியில் ஆறேழு வரியில் சுருக்கம், வெற்றியாளர் பட்டியல், அடுத்த நிகழ்வின் திகதி. பதிவுகளின் வரிசையை இப்போது திருப்பி, பழையது மேலே வர வையுங்கள், அடுத்த மாதம் வாசிப்பவருக்குத் தொடக்கத்திலிருந்து போவதுதான் இலகு. கண் மூடிய முகம், காலியான கதிரை வரிசை உள்ள படங்களை எடுத்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு இடமிருந்து வலமாகப் பெயர் போடுங்கள். இதை மறுநாளைக்குத் தள்ளினால் யார் யார் என்று உங்களுக்கே மறந்துபோகும்.

உதயன், வலம்புரி போன்ற நாளிதழ்களுக்கு அனுப்புவதானால் அந்தச் சுருக்கமே செய்தி. படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி அச்சில் மங்கும். கோப்பாக இணைத்தோ மின்னஞ்சலிலோ இரண்டு மூன்று மட்டும் அனுப்புங்கள். பக்கத்தின் முகவரியை இன்ரநெற் ஆர்கைவின் வேபாக் மெசினில் ஒரு தடவை சேமித்துவிட்டால் உங்கள் தளம் போனாலும் ஒரு பிரதி நிற்கும். விழாமலர் அச்சிட்டிருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளத்தாரோடு தொடர்புகொள்ளுங்கள்.

கடைசியாகக் கடவுச்சொல். கழகப் பக்கங்கள் பல செத்துப்போவது ஆர்வம் குறைந்து அல்ல. பக்கத்தைத் திறந்த தம்பி தன் சொந்த ஜிமெயிலில் திறந்து, பிறகு வெளிநாடு போய், இலக்கத்தையும் மாற்றிவிடுவார். கணக்கைக் கழகத்தின் பெயரில் திறவுங்கள். மீட்புக்கான தொலைபேசி இலக்கம் செயலாளருடையதாகவும், இரண்டாவது நிர்வாகி இன்னொருவராகவும் இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டி, கூட்டறிக்கைக் கொப்பியும் அலுமாரித் திறப்பும் இருக்கிற இடத்தில் வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் தெரிவாகும்போது திறப்போடு அந்த உறையும் கை மாற வேண்டும். மீட்பு இலக்கத்தை அன்றிரவே மாற்றிவிடுங்கள்.